குச்சிக்கிழங்குல இருந்து ஃப்ரக்டோஸ் சிரப்: மூணு என்சைமும் ஒரு கால்சியமும்

சேலம், நாமக்கல், ஆத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. சீசன்ல கிழங்கு லோடு வரிசையா சேகோ ஃபேக்டரி வாசல்ல நிக்கும், எத்தன பாயிண்ட் வருதுன்னு பாத்துட்டு தான் விலையே பேசுவாங்க. அந்த பாயிண்ட்ங்கறது கிழங்குல எவ்ளோ ஸ்டார்ச் இருக்குங்கற கணக்கு. இந்த ஸ்டார்ச்சையும் ஜவ்வரிசியையும் விக்கறதுக்குன்னே சேலத்துல 1981ல சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதே ஸ்டார்ச்ச மூணு கிருமிங்களோட என்சைம (ஒரு பொருள வேற பொருளா மாத்தற புரதம்) வச்சு, கிட்டத்தட்ட சர்க்கரை அளவுக்கு இனிப்பான ஃப்ரக்டோஸ் சிரப்பா மாத்தலாம். அத லேப்ல எப்படி பண்றதுன்னு தான் எழுதப் போறேன். ஃபைனல் இயர் பயோடெக், ஃபுட் டெக் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு இதயே எடுக்கறாங்க, எடுத்துட்டு பாதியில மாட்டிக்கறாங்க, மாட்டிக்கற இடம் பெரும்பாலும் ஒன்னே தான். அதுனால அந்த இடத்துல கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடணும். செடியில இருந்து ஃப்ரக்டோஸ் எடுக்க மூணு வழி இருக்கு. சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், அதுல பாதி குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ், ஈஸ்ட்ல இருந்து வர்ற இன்வர்டேஸ் போட்டா ரெண்டும் பிரிஞ்சுடும், பிஹெச் 4.5, 50 டிகிரி, அவ்ளோ தான், ஆனா பாதிக்கு மேல ஃப்ரக்டோஸ் வராது. ரெண்டாவது இனுலின். ஃபில்டர் காபியில போடற சிக்கரி இருக்குல்ல, அந்த சிக்கரி வேர்ல, டாலியா கிழங்குல, நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குல எல்லாம் ஸ்டார்ச்சுக்கு பதிலா ஃப்ரக்டோஸ் சங்கிலி தான் சேமிப்பா இருக்கும், கடைசியில ஒரே ஒரு குளுக்கோஸ் தொங்கும். இத வெட்ட க்ளைவெரோமைசஸ் மார்க்சியானஸ்ங்கற ஈஸ்ட், இல்லன்னா ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்ங்கற பூஞ்சை, இதுங்களோட இனுலினேஸ் போதும். ஒரே ஸ்டெப்ல 90 சதவீதம் பக்கம் ஃப்ரக்டோஸ் வந்துடும். மூணாவது தான் ஸ்டார்ச் வழி, ரொம்ப சுத்து வழி, ஆனா உலகத்துல ஃப்ரக்டோஸ் சிரப் அதிகமா வர்றது இந்த வழியில தான். ஏன்னா ஸ்டார்ச் மலிவு, வருஷம் பூரா கிடைக்கும். அமெரிக்காவுல மக்காச்சோளத்துல பண்றாங்க. நம்ம ஊர்ல கரும்பு சர்க்கரையே தாராளமா கிடைக்கறதால இது பெருசா வளரல, ஆனா திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துல மரவள்ளியில இருந்து ஃப்ரக்டோஸ் சிரப் எடுக்கறத ஆய்வு பண்ணிருக்காங்க, சக்கரவள்ளியிலயும் பண்ணிருக்காங்க. என்ன பொறுத்தவரை கத்துக்கறதுக்கு ஸ்டார்ச் வழி தான் நல்லது, என்சைம்னா என்னங்கறது இதுல தான் கையில புரியும்.

சரி, வேலைக்கு வருவோம். கிழங்குல இருந்தே ஆரம்பிக்கறதா இருந்தா வெட்டி ரெண்டு நாளுக்குள்ள உள்ள கிழங்கா வாங்குங்க, அதுக்கு மேல போனா உள்ள நீல நரம்பு ஓட ஆரம்பிச்சுடும். மேல் பழுப்புத் தோல், அதுக்கு கீழ இருக்கற தடிச்ச தோல், ரெண்டையும் உரிச்சுடுங்க. கிழங்குல லினமரின்னு ஒன்னு இருக்கு, துருவும்போது அதுல இருந்து சயனைடு வரும், அதுனால ஜன்னல் திறந்து வச்சு பண்ணுங்க, அந்த தண்ணிய ஆடு மாடு குடிக்கற இடத்துல ஊத்தாதீங்க. துருவுனத தண்ணி விட்டு பிசைஞ்சு துணியில வடிகட்டுனா பால் மாதிரி கீழ இறங்கும், மேல நிக்கறது திப்பி. பாலை நாலஞ்சு மணி நேரம் ஆடாம வச்சா ஸ்டார்ச் அடியில கெட்டியா உக்காந்துடும், மேல் தண்ணிய ஊத்திட்டு திரும்ப தண்ணி விட்டு கலக்கி திரும்ப படிய வைங்க. மூணு தடவ பண்ணா சயனைடு, புரதம் எல்லாம் பெரும்பாலும் போயிடும். புரதம் போகணும், ஏன்னா அது இருந்தா பின்னாடி சிரப் காவி கலருக்கு போகும். ஒரு கிலோ கிழங்குக்கு கால் கிலோ பக்கம் ஸ்டார்ச் எதிர்பார்க்கலாம், லேப்ல அதுக்கு கொறைவா தான் வரும். நேரம் இல்லன்னா கடையில காஞ்ச ஸ்டார்ச் வாங்கிக்கோங்க, தப்பில்ல.

இப்ப மொதல் என்சைம். ஆல்ஃபா அமைலேஸ். பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ்னு ஒரு மண் பாக்டீரியாவோடது, சூடு தாங்கற ரகமா கேட்டு வாங்குங்க, சாதா பூஞ்சை அமைலேஸ் இதுக்கு ஆகாது. காஞ்ச ஸ்டார்ச் 100 கிராம் எடுத்தா அதுல 12 கிராம் பக்கம் ஈரம் இருக்கும், 200 மில்லி தண்ணியில கலக்குனா கிட்டத்தட்ட 30 சதவீத கலவை கிடைக்கும். தண்ணி டிஸ்டில்டு வாட்டரா இருக்கட்டும், காரணம் பின்னாடி வருது. பச்சத் தண்ணியில கரைச்சு பிஹெச்ச 6க்கு கொண்டு வந்து, கால்சியம் குளோரைடு ஒரு துளி அளவு போடுங்க, லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் இருந்தா போதும். இந்த அமைலேஸ் உருண்டையா சுருண்டு நிக்கறதுக்கு உள்ளுக்குள்ள கால்சியம் வேணும், இல்லன்னா 90 டிகிரியில அவிழ்ந்து போயிடும். இத மனசுல வச்சுக்கோங்க, கால்சியம் திரும்ப ரெண்டு தடவ வரப் போகுது.

என்சைம சூடு ஏத்தறதுக்கு முன்னாடியே போடணும். இது ரொம்ப முக்கியம். வீட்ல ஜவ்வரிசி வத்தலுக்கு கூழ் காய்ச்சிருந்தா தெரியும், கொஞ்ச நேரம் கலக்காம விட்டா கரண்டியே நிக்கற மாதிரி இறுகிடும். மரவள்ளி ஸ்டார்ச் 60, 65 டிகிரியிலயே வீங்க ஆரம்பிச்சுடும், 30 சதவீத கலவைன்னா கூழ் இல்ல, பசை. அதுக்குள்ள என்சைம் ஊத்தி கலக்கவே முடியாது. முன்னாடியே போட்டுட்டா, ஸ்டார்ச் மணிங்க வீங்கி வெடிக்க வெடிக்க என்சைம் கூடவே வெட்டிட்டு வரும், கெட்டியாகி திடீர்னு இளகறத கண்ணால பாக்கலாம், எனக்கு இந்த வேலையிலயே பிடிச்ச நிமிஷம் அது தான், எத்தன தடவ பாத்தாலும் அலுக்கல. டோஸ்ல பாதிய மொதல்ல, மீதிய இளகுனதுக்கு அப்புறம் போடுங்க, அளவு கம்பெனி குடுக்கற தாள்ல இருக்கும். விடாம கலக்கிட்டே 95 டிகிரிக்கு கொண்டு போய் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அதுலயே பிடிச்சு வைங்க. ஃபேக்டரியில நீராவிய நேரா பாய்ச்சி 105, 108 டிகிரியில அஞ்சு நிமிஷம் வச்சுட்டு அப்புறம் 95ல விடுவாங்க, நமக்கு அந்த ஜெட் குக்கர் இல்ல, பரவால்ல.

முடிஞ்சுதான்னு அயோடின் வச்சு பாருங்க. இங்க ஒரு தப்பு நிறைய பேர் பண்றாங்க. சூடா இருக்கற சாம்பிள்ல அயோடின் விட்டா ஸ்டார்ச் இருந்தாலும் நீலம் வராது, சூட்டுல அந்த நிறமே கலைஞ்சுடும், ஆகா முடிஞ்சுடுச்சுன்னு அடுத்த ஸ்டெப்புக்கு போயிடுவாங்க. ரெண்டு சொட்டு எடுத்து வெள்ளத் தட்டுல ஆற விட்டு அப்புறம் அயோடின் வைங்க. கரு நீலம்னா இன்னும் இருக்கு, ஊதாவுக்கு வந்து செம்பழுப்புக்கு வந்தா போதும், நிறுத்திடலாம். இன்னும் வெட்ட விடணும்னு ஆசப்பட வேணாம். இங்க நமக்கு வேண்டியது குளுக்கோஸ் இல்ல, டெக்ஸ்ட்ரின், அதாவது ஸ்டார்ச் சங்கிலியோட குட்டைத் துண்டுங்க தான், ரொம்ப சின்னதா வெட்டிட்டா அடுத்த என்சைம் பிடிச்சு வேலை செய்ய கஷ்டப்படும்.

அடுத்தது குளுக்கோஅமைலேஸ், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையோடது. அமைலேஸ் நடுவுல எங்க வேணா வெட்டும், இது அப்படி இல்ல, சங்கிலியோட நுனியில உக்காந்து ஒவ்வொரு குளுக்கோஸா கழட்டிட்டே வரும். கலவை சூடா இருக்கும்போதே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஹெச்ச 4.3, 4.5க்கு இறக்கிடுங்க, அந்த புளிப்புலயும் சூட்டுலயும் பழைய அமைலேஸ் செத்துடும், அப்புறம் 60 டிகிரிக்கு ஆற வச்சு புது என்சைம போடுங்க. மூடி போட்டு வாட்டர் பாத்ல 24ல இருந்து 48 மணி நேரம். ஸ்டார்ச்சுல பெரும் பங்கு அமைலோபெக்டின், கிளை கிளையா பிரிஞ்சு இருக்கும், கிளை பிரியற முட்டுல குளுக்கோஅமைலேஸ் ரொம்ப மெதுவா தான் வெட்டும், அதுக்கு புல்லுலனேஸ்னு இன்னொரு என்சைம் சேர்த்துட்டா நேரம் கொறையும். கிடைச்சா போடுங்க, கிடைக்கலன்னா நேரத்த கூட்டிக்கோங்க.

ஆனா அதிகமா விட்டா இன்னும் நல்லா வரும்னு நெனச்சு மூணு நாள் நாலு நாள் விட்டுடாதீங்க. இவ்ளோ கெட்டியான கலவையில குளுக்கோஸ் நெறைய சேர்ந்த பிறகு அதே என்சைம் திரும்ப ரெண்டு ரெண்டு குளுக்கோஸா ஒட்ட வைக்க ஆரம்பிச்சுடும், ஐசோமால்டோஸ் மாதிரி. உச்சத்துக்கு போயிட்டு மெல்ல கீழ இறங்கும். அதுனால ஆறு மணிக்கொரு தடவ அளந்து பாருங்க. அளக்கறதுக்கு பெரிய மெஷின் தேவையில்ல, ரத்தத்துல சுகர் பாக்கற லேப்ல குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் கிட் இருக்கும், 1 மில்லி சாம்பிள 300 மில்லி ஆக்கிட்டு அதுல போட்டா அளவுக்குள்ள ரீடிங் வந்துடும். கூடவே கை ரிஃப்ராக்டோமீட்டர்ல பிரிக்ஸ் (கரைஞ்சிருக்கற சர்க்கரையோட சதவீதம்) பாத்து, மொத்தம் கரைஞ்சிருக்கறதுல குளுக்கோஸ் எவ்ளோன்னு கணக்கு போடுங்க. 95 சதவீதம் தொட்டா அது நல்ல வேலை. இன்னொன்னு, எடை கூடும், பயப்படாதீங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தண்ணி மூலக்கூறு உள்ள போகுது, சங்கிலியில 162 எடையா இருந்த ஒவ்வொரு கண்ணியும் தனி குளுக்கோஸா 180 ஆகுது, அதுனால முழு ஸ்டார்ச் 100 கிராம்னா குளுக்கோஸ் 111 கிராம். ஈரம் போக 88 கிராம் ஸ்டார்ச்சுக்கு 98 கிராம் பக்கம் வரணும். வைவாவுல இந்த கேள்வி கண்டிப்பா வரும்.

இது வரைக்கும் எல்லாரும் வந்துடறாங்க. மாட்டற இடம் இதுக்கு அடுத்தது.

மூணாவது என்சைம் குளுக்கோஸ் ஐசோமரேஸ். இதோட கதைய கொஞ்சம் சொல்லணும். உண்மையில இது சைலோஸ்ங்கற வேற சர்க்கரைய மாத்தறதுக்கு பாக்டீரியா வச்சிருக்கற என்சைம், குளுக்கோஸ் மேலயும் கொஞ்சம் வேலை செய்யும், அவ்ளோ தான். 1957ல மார்ஷல், கூய்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளருங்க இத மொத மொதல்ல கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க, ஆனா அவங்க எடுத்த என்சைமுக்கு ஆர்சனேட் வேணும், ஆர்சனிக்க போட்டு சாப்பாட்டு பொருள் பண்ண முடியாது இல்லையா. அப்புறம் 1960கள்ல ஜப்பான்ல தகாசாகி குழு ஸ்ட்ரெப்டோமைசஸ்ல இருந்து சூடு தாங்கற, ஆர்சனிக் தேவைப்படாத என்சைம கொண்டு வந்தாங்க. இந்த என்சைம் செல்லுக்கு வெளிய வராது, உள்ளயே இருக்கும், செல்ல 60, 65 டிகிரியில கொஞ்ச நேரம் சூடு பண்ணா என்சைம் உள்ளயே நிலைச்சுடும்னும் பாத்தாங்க. செல்லையே அப்படியே வடிகட்டி எடுத்து திரும்ப திரும்ப பயன்படுத்தலாம்னு ஆச்சு. அத வாங்கி அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல க்ளின்டன் கம்பெனி 1967ல மொதல் தடவ வியாபாரத்துக்கு சிரப் விட்டாங்க. 1984ல பெரிய ரெண்டு கோலா கம்பெனிங்களும் அந்த நாட்டுல சர்க்கரைய விட்டுட்டு இந்த சிரப்புக்கு முழுசா மாறிட்டாங்க.

இப்ப என் அனுபவம். நான் படிக்கும்போது மொதல் தடவ இத பண்ணப்போ ரெண்டு ஸ்டெப்பும் அழகா வந்துச்சு, குளுக்கோஸ் சிரப் தேன் மாதிரி இருந்துச்சு. அத அப்படியே பிஹெச் மாத்தி ஐசோமரேஸ் காலம்ல (column, என்சைம் நெரப்புன நெட்டுக் குழாய்) விட்டேன். ஒரு நாள் பூரா ஓடுச்சு. ஃப்ரக்டோஸ் வரவே இல்ல, டெஸ்ட்ல லேசா ரோஸ் கலர், அவ்ளோ தான். என்சைம் கெட்டுப் போச்சுன்னு புது பாக்கெட் பிரிச்சேன், அதுவும் அப்படியே. ரெண்டு வாரம் போச்சு. கடைசியில எங்க லேப்ல இருந்த ஒரு அக்கா வந்து, தண்ணி எங்க இருந்து எடுத்தேன்னு கேட்டாங்க. போர் தண்ணி. எங்க பக்கம் போர் தண்ணி கெட்டில்ல வெள்ளையா உப்பு கட்டற தண்ணி. அதோட மொதல் ஸ்டெப்ல நானே போட்ட கால்சியம். ரெண்டும் சேர்ந்து என்சைம அடைச்சிருக்கு.

காரணம் இது தான். ஐசோமரேஸ் வேலை செய்யற குழியில மெக்னீசியம் உக்காரணும், அது இருந்தா தான் குளுக்கோஸ பிடிச்சு திருப்ப முடியும். கால்சியம் வந்தா அந்த இடத்துல அது போய் உக்காந்துக்கும், உக்காந்துட்டு ஒரு வேலையும் செய்யாது. மொதல் என்சைமுக்கு உயிரு, மூணாவது என்சைமுக்கு விஷம். அதுனால ரெண்டாவது ஸ்டெப்புக்கும் மூணாவதுக்கும் நடுவுல சுத்தம் பண்றது தான் இந்த மொத்த வேலையிலயும் பெரிய வேலை. ஆனா ரிப்போர்ட்ல எல்லாம் அத ஒரே வரியில எழுதிட்டு போயிடறாங்க, படிக்கற பசங்களும் ஒரே வரி தானேன்னு விட்டுடறாங்க, எனக்கு அது உண்மையிலயே வருத்தமா இருக்கு.

எப்படி சுத்தம் பண்ணணும்னா, மொதல்ல சிரப்ப சூடா வச்சே வடிகட்டுங்க, கசடு, புரதம், கொழுப்பு நிக்கும். அப்புறம் ஆக்டிவேட்டட் கார்பன் சிரப்ல ஒரு சதவீதம் போட்டு 70 டிகிரியில அரை மணி நேரம் கலக்கி வடிகட்டுனா கலரு போயிடும். அதுக்கப்புறம் அயான் எக்ஸ்சேஞ்ச், அதாவது கரைஞ்சிருக்கற உப்ப ரெசின்ங்கற பிளாஸ்டிக் மணிங்கள வச்சு பிடிக்கறது. மொதல்ல ஹைட்ரஜன் வடிவ கேட்டயான் ரெசின் காலம், அடுத்து ஆனயான் ரெசின் காலம், ரெண்டு வழியாவும் மெதுவா விடுங்க. கேட்டயான் ரெசின் கால்சியத்த பிடிச்சுக்கும், அதுல இருந்து புளிப்பா வர்றத ஆனயான் ரெசின் சரி பண்ணும். வெளிய வர்ற சிரப்ப கண்டக்டிவிட்டி மீட்டர்ல (உப்பு எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டும்) பாருங்க, ரீடிங் நல்லா இறங்கணும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கால்சியத்துக்கு கீழ இருந்தா நிம்மதி. மீட்டர் இல்லன்னா சோப்பு தண்ணிய ஒரு சொட்டு விட்டு குலுக்கி நுரை வருதான்னு பாக்கறது கூட ஒரு அடையாளம், ஆனா அத நம்பி காலம்ல விட்டுடாதீங்க, தண்ணி கடினத்தன்மை பாக்கற டைட்ரேஷன் எந்த கெமிஸ்ட்ரி லேப்லயும் இருக்கும், பத்து நிமிஷ வேலை.

சுத்தமான சிரப்புல இப்ப நம்ம கையால மெக்னீசியம் சேர்க்கணும். லிட்டருக்கு அரை கிராம் மெக்னீசியம் சல்ஃபேட், அதாங்க பேதி உப்பு, ஆனா மருந்துக்கடைது வேணாம், லேப் கிரேடு போடுங்க. சோடியம் கார்பனேட் கரைசல சொட்டு சொட்டா விட்டு பிஹெச்ச 7.5, 7.8க்கு ஏத்துங்க. சிரப் 40, 45 சதவீதம் கெட்டியா இருக்கட்டும், தண்ணியா இருந்தா கொஞ்சம் வத்த வைங்க. ஒரு வேலைய மறந்துடாதீங்க, காலம்ல விடறதுக்கு முன்னாடி வேக்குவம் போட்டு கரைஞ்சிருக்கற காத்த எடுத்துடணும், ஆக்ஸிஜன் இருந்தா என்சைமோட ஆயுசு கொறையும்.

என்சைம் குருணை குருணையா வரும், ஸ்ட்ரெப்டோமைசஸ் செல்ல குறுக்கால பிணைச்சு கெட்டி பண்ணது. காஞ்ச குருணைய நேரா காலம்ல கொட்டி சிரப் விட்டா வீங்கி காலமே அடைச்சுக்கும், கண்ணாடி காலம்னா வெடிச்சுக்க கூட வாய்ப்பு இருக்கு. பீக்கர்ல அதே சிரப்ப ஊத்தி ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, வீங்கி முடிஞ்சதும் காத்துக் குமிழி இல்லாம காலம்ல இறக்குங்க. சுத்தி 58, 60 டிகிரி தண்ணி ஓடற ஜாக்கெட் காலம் வேணும். 60 தாண்டி ஏத்துனா வேகமா வரும், ஆனா என்சைம் சீக்கிரம் சாகும், சிரப்பும் பழுப்பாகும். 50க்கு இறக்குனா ஆயுசு கூடும், ஆனா காலம்குள்ள கிருமி வளர ஆரம்பிக்கும். 58, 60 தான் நடுவுல கிடைச்ச இடம். சொட்டு சொட்டா மேல இருந்து கீழ விடுங்க. காலம் வசதி இல்லன்னா ஃபிளாஸ்க்ல குருணைய போட்டு ஷேக்கர்ல மெதுவா ஆட்டுங்க, வேகமா ஆட்டுனா குருணை உடைஞ்சு தூளாயிடும்.

எவ்ளோ வரும்? இதுல தான் பசங்க ஏமாந்து போறாங்க. 100 சதவீதம் ஃப்ரக்டோஸ் வராது, எந்த என்சைம் போட்டாலும் வராது. இந்த மாற்றம் ரெண்டு பக்கமும் ஓடும், குளுக்கோஸ் ஃப்ரக்டோஸ் ஆகும், ஃப்ரக்டோஸ் திரும்ப குளுக்கோஸ் ஆகும், ரெண்டு தொட்டிய அடியில குழாய் வச்சு இணைச்ச மாதிரி, மட்டம் சமமானதும் ஓட்டம் நின்னுடும். 60 டிகிரியில அந்த மட்டம் ஏறக்குறைய பாதிக்கு பாதி. கடைசி சில சதவீதத்துக்கு ரொம்ப நேரம் ஆகும், அதுக்குள்ள சிரப் கெட்டுடும், அதுனால ஃபேக்டரியில 42 சதவீதத்துல நிறுத்திடறாங்க. உங்களுக்கு 38, 40 வந்தா கூட அது தோல்வி இல்ல, அப்படியே எழுதுங்க.

அளக்கறதுக்கு ஹெச்பிஎல்சி (சர்க்கரைங்கள தனித்தனியா பிரிச்சு அளக்கற மெஷின்) இருந்தா சரி. இல்லன்னா செலிவனாஃப் டெஸ்ட், ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், கொதிக்கற தண்ணியில ஒரு நிமிஷம் வச்சா ஃப்ரக்டோஸ் செக்கச் சிவப்பா காட்டும். நேரத்த கடிகாரம் வச்சு பாருங்க, ரொம்ப நேரம் கொதிக்க விட்டா குளுக்கோஸும் ரோஸ் கலர் காட்டி ஏமாத்தும். ஆனா எனக்கு பிடிச்சது போலாரிமீட்டர். குளுக்கோஸ் ஒளிய வலது பக்கம் திருப்பும், பிளஸ் 52.7, ஃப்ரக்டோஸ் இடது பக்கம் திருப்பும், மைனஸ் 92. காலம்ல இருந்து வர்றத ஒவ்வொரு சாம்பிளா வச்சு பாத்தா பிளஸ்ல இருந்து கொறைஞ்சுட்டே வந்து சரியா பூஜ்யத்துல நிக்கும், அப்ப ஃப்ரக்டோஸ் 36 சதவீதம் ஆயிடுச்சுன்னு அர்த்தம், கணக்கு போட்டு பாருங்க, 0.364ஐ 92ஆல பெருக்குனதும் 0.636ஐ 52.7ஆல பெருக்குனதும் ஒன்னு தான். அதுக்கப்புறம் மைனஸ்ல போகும். சாம்பிள் எடுத்த உடனே பாக்காதீங்க, 20 டிகிரிக்கு கொண்டு வந்து கொஞ்ச நேரம் நிலைக்க விட்டு பாருங்க, சூட்டுக்கு ஃப்ரக்டோஸோட திருப்பம் மாறும்.

42க்கு மேல வேணும்னா பிரிச்சு எடுக்கணும், இங்க கால்சியம் மூணாவது தடவ வருது, இந்த தடவ உதவிக்கு. கால்சியம் வடிவத்துல மாத்துன கேட்டயான் ரெசின ஒரு மீட்டர் உயர காலம்ல நெரப்பி, 60 டிகிரியில, கொஞ்சமா சிரப் விட்டு பின்னாடியே தண்ணி விட்டா, கால்சியம் ஃப்ரக்டோஸ கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும், குளுக்கோஸ அவ்ளோவா பிடிக்காது. மொதல்ல குளுக்கோஸ் வெளிய வரும், பின்னாடி ஃப்ரக்டோஸ். பத்து பத்து மில்லியா தனித்தனி டியூப்ல பிடிச்சு போலாரிமீட்டர்ல பாத்தா எங்க பிளஸ் எங்க மைனஸ்னு தெளிவா தெரியும். ஃபேக்டரியில இத தொடர்ச்சியா ஓட்டி 90 சதவீத சிரப் எடுத்து, அத 42ஓட கலந்து 55 ஆக்கறாங்க, குளிர்பானத்துக்கு போறது அந்த 55 தான், மீந்த குளுக்கோஸ் திரும்ப ஐசோமரேஸ் காலம்க்கு போயிடும். திரும்ப அனுப்பும்போது ரெசின்ல இருந்து கால்சியம் கசிஞ்சு வந்திருக்கான்னு பாக்காம விடாதீங்க.

சிக்கரி வழியில போறவங்களுக்கு ஒரு பத்தி. வறுத்த காபி சிக்கரி ஆகாது, வறுக்கும்போதே இனுலின் உடைஞ்சு கருகிடும், பச்ச வேரோ காயவச்ச வில்லையோ வேணும், குஜராத்ல ஜாம்நகர் பக்கம் விளையுது. வில்லைய 75, 80 டிகிரி தண்ணியில ஊற வச்சா இனுலின் இறங்கும், வடிகட்டி, பிஹெச் 4.5, 5, சூடு 55 டிகிரி, இனுலினேஸ். முடிஞ்சுது. வேரு பிடுங்குனதும் சீக்கிரம் பண்ணுங்க, வச்சிருந்தா வேரே தன் இனுலின வெட்டி குட்டையாக்கிடும், அப்ப கடைசி குளுக்கோஸோட பங்கு கூடி ஃப்ரக்டோஸ் சதவீதம் கொறையும். என்சைம நீங்களே வளர்க்கணும்னா க்ளைவெரோமைசஸ் கல்ச்சர கிருமிங்கள சேமிச்சு வச்சு குடுக்கற சண்டிகர் எம்டிசிசியிலயோ புனே என்சிஐஎம்லயோ காலேஜ் மூலமா கேட்டு வாங்கலாம், இனுலின் இருக்கற மீடியத்துல வளர்த்தா என்சைம் வெளியவும் வரும், ஐசோமரேஸ் மாதிரி செல்ல உடைக்கற வேலை அவ்ளோ இல்ல.

இப்படி லேப்ல பண்ணத யாரும் வாயில வைக்காதீங்க, ரெசின், அமிலம், கார்பன் தூள் எல்லாம் சாப்பாட்டு தரம் இல்ல. சுகர் இருக்கறவங்க ஃப்ரக்டோஸ் சாப்பிடலாமான்னு எங்கிட்ட நெறைய பேர் கேக்கறாங்க, அது ரத்தத்துல சட்டுனு சுகர ஏத்தாதுங்கறது சரி தான், ஆனா பெரும்பாலும் கல்லீரல் தான் அத கையாளுது, நெறைய போனா அங்க கொழுப்பா மாறும், அதுனால டாக்டர கேக்காம மாத்திக்க வேணாம்.

சிரப்ப பத்திரப்படுத்த கொஞ்சம் அமிலம் விட்டு பிஹெச்ச 4 பக்கம் இறக்கிட்டு, வேக்குவம்ல 70 சதவீதத்துக்கு மேல கெட்டியாக்குங்க, தண்ணியா வச்சா ரெண்டு நாள்ல ஈஸ்ட் ஏறிடும். 42 சிரப்ப ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல அதுல இருக்கற குளுக்கோஸ் உறைஞ்சு வெள்ளையா அடியில கல்லாயிடும், 35 டிகிரி பக்கம் வெதுவெதுன்னு இருக்கணும். காலம்ல இருக்கற ஐசோமரேஸ் குருணைய கொட்டிடாதீங்க, மாசக்கணக்குல உழைக்கற சரக்கு அது. மெக்னீசியம் போட்ட சுத்தமான சிரப்பாலயே மூழ்க விட்டு மூடி ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல வேணாம், காயவும் விடாதீங்க, பாட்டில் மேல தேதியும் எத்தன மணி நேரம் ஓடுச்சுங்கறதையும் எழுதி ஒட்டிடுங்க, அடுத்த பேட்ச் பசங்க எடுக்கும்போது ஓட்டத்த எவ்ளோ கொறைக்கணும்னு அத பாத்து தான் தெரிஞ்சுக்க முடியும்.